வாசகர் கேள்வி – பதில்: தளத்தில் இயந்திரம் இறங்கும் முன்

கனரக இயந்திரங்களைக் கொண்டு வேலை செய்வது பற்றித் தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களிலிருந்து வந்த கடிதங்கள் இந்த இதழில் ஒன்றாக இடம்பெறுகின்றன. ஒரே கேள்வியைப் பலர் கேட்டிருந்தால் ஒருவருடைய கடிதத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, மற்றவர்கள் தந்த விவரங்களையும் மனத்தில் வைத்துப் பதில் எழுதப்பட்டுள்ளது.

கேள்வி: பாலக்கோடு பகுதியில் சாலை, கழிவுநீர்க் கால்வாய் வேலைகளை உள்ஒப்பந்தமாக எடுத்துச் செய்கிறேன். சொந்தமாக ஒரு ஜேசிபி உண்டு. பொக்லைனும் டிப்பரும் வாடகைக்கு எடுப்பேன். இம்முறை வேலை கொடுத்த நிறுவனம், இயந்திரத்தை இறக்கும் முன் இடர் மதிப்பீட்டுப் படிவம் நிரப்பித் தர வேண்டும் என்கிறது. வேறொரு வேலைக்கு யாரோ எழுதிய படிவத்தைக் கொடுத்து, இதைப் பார்த்து எழுதிவிடுங்கள் என்றார்கள். அதில் கட்டம் கட்டமாக எண்கள்தான் இருக்கின்றன. உண்மையில் நான் என்ன செய்ய வேண்டும்?

பதில்: அந்தப் பழைய படிவத்தை முதலில் ஓரமாக எடுத்து வைத்துவிடுங்கள். அது வேறொரு மண்ணையும் வேறொரு இயந்திரத்தையும் பார்த்து எழுதப்பட்டது. அதைப் பார்த்து எழுதினால் அந்த ஊரின் ஆபத்துகள் உங்கள் தாளில் ஏறும். உங்கள் தெருவில் உள்ளவை விடுபட்டுப் போகும். வேலை தொடங்குவதற்கு முந்தைய நாளில், இயந்திரத்தில் அமரப்போகும் ஆபரேட்டரையும் மேஸ்திரியையும் அழைத்துக்கொண்டு, வேலை நடக்கவிருக்கும் நீளம் முழுவதையும் நடந்து பாருங்கள். வாடகை இயந்திரம் என்றால் அதன் உரிமையாளர் வந்து பார்த்தது போதாது. லீவரைப் பிடிக்கப்போகிறவரே வந்து பார்க்க வேண்டும்.

முதலில் தலைக்கு மேலே பாருங்கள். கிராமத்துத் தெருக்களில் மின்கம்பி சாலையோரமாகவே வந்துகொண்டிருந்து, வீட்டு இணைப்புக்காகவோ வயல் மோட்டாருக்காகவோ ஏதாவது ஓரிடத்தில் குறுக்கே கடக்கும். இரண்டு கம்பங்களுக்கு நடுப்பகுதியில்தான் கம்பி பொதுவாகத் தாழ்ந்திருக்கும். வெயில் ஏறினால் அது இன்னும் தொய்யும் என்பதால், காலையில் பார்த்த உயரம் பிற்பகலில் இருப்பதில்லை. இயந்திரம் சாலையில் ஓடும்போதுள்ள உயரத்தை வைத்துக் கணக்கிடக் கூடாது. இயந்திரத்தின் நீண்ட கையான பூம் முழுவதும் தூக்கிய நிலையிலும், டிப்பரின் தொட்டி முழுவதும் எழும்பிய நிலையிலும் எட்டுகிற உயரத்தையே கொள்ள வேண்டும். உயர் அழுத்தக் கம்பியைத் தொட்டால்தான் ஆபத்து என்பதும் தவறு. போதிய அளவு நெருங்கினாலே மின்சாரம் தாவிவிடும். 11, 22 கிலோவோல்ட் கம்பிகளுக்கு அருகில் இயந்திரத்தின் எந்தப் பகுதியும் 3 மீட்டருக்குள் நெருங்கக் கூடாது என்பதைக் குறைந்தபட்ச அளவாகக் கொள்ளுங்கள். கம்பியின் உயரத்தை அறிவதற்காகக் கழியையோ டேப்பையோ உயர்த்தி அளக்க முயல வேண்டாம். மின்வாரியப் பிரிவு அலுவலகத்தில் எழுதிக் கொடுத்து லைன்மேனை வரவழைத்துக் கேளுங்கள். கம்பிக்கு அடியில்தான் வேலை நடந்தாக வேண்டும் என்றால், மின்சாரத்தை நிறுத்தித் தரும்படி நாளையும் நேரத்தையும் குறிப்பிட்டு அப்போதே விண்ணப்பித்துவிடுவது நல்லது.

அடுத்தது காலுக்குக் கீழே. உங்கள் பகுதிச் சாலையோரங்களில் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்க் குழாய், ஊராட்சியின் பழைய குழாய், தொலைத்தொடர்பு நிறுவனங்களின் கண்ணாடி இழை வடம் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகப் புதைந்து கிடக்கலாம். வயல் வழியே போகும் வேலையாக இருந்தால் எரிவாயுக் குழாயின் எச்சரிக்கைக் கற்களும் பலகைகளும் தென்படுகின்றனவா என்று பாருங்கள். தோண்டும் முன் தகவல் தருவதற்காக ஒன்றிய அரசு 2023 மார்ச் மாதத்தில் தொடங்கிய ‘கால் பிஃபோர் யு டிக்’ செயலியில் இடத்தைப் பதிவு செய்தால், அங்கே வடமோ குழாயோ வைத்திருக்கும் நிறுவனங்களுக்குச் செய்தி போகும். எனினும், செயலியைவிட அதிகம் தெரிந்தவர் ஊரிலேயே இருக்கிறார்: ஊராட்சி மேல்நிலைத் தொட்டியின் ஆபரேட்டர். எந்த வளைவில் குழாய் திரும்புகிறது, எந்த வால்வு மண்ணுக்குள் மூடிப்போனது என்பதெல்லாம் வரைபடத்தில் இருக்காது. அவரைக் கேட்டால் தெரியும். அவர் காட்டும் இடங்களில் கடப்பாரையாலும் மண்வெட்டியாலும் சிறு சோதனைக் குழி எடுத்து, குழாயைக் கண்ணால் கண்ட பிறகே பக்கெட்டை இறக்க வேண்டும்.

மண்ணைப் பற்றிச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டியிருக்கிறது. செம்மண்ணும் சரளையும் கலந்த நிலத்தில் கால்வாய் தோண்டினால், காய்ந்த பருவத்தில் சுவர் வெட்டி வைத்ததுபோல் செங்குத்தாக நிற்கும். அந்த நிற்பை நம்பித்தான் ஆட்கள் உள்ளே இறங்குகிறார்கள். இரவில் ஒரு மழை பெய்தாலோ, விளிம்பை ஒட்டி ஜேசிபி நின்றாலோ, பக்கத்துச் சாலையில் கனமான லாரி ஒன்று போனாலோ அது முன்னறிவிப்பின்றிச் சரியும். ஒரு கன மீட்டர் மண்ணின் எடை ஏறத்தாழ ஒன்றரை டன்னுக்கு மேல். மார்பளவு புதைந்தவரே மூச்சை உள்ளிழுக்க முடியாமல் இறந்துபோகலாம். ஆகவே 1.5 மீட்டருக்கு மேல் ஆழம் போனால் பக்கங்களைச் சரிவாக வெட்டவோ, படிபடியாக வெட்டவோ, பலகையும் முட்டும் கொடுக்கவோ வேண்டும். தோண்டிய மண்ணையும் இயந்திரத்தையும் விளிம்பிலிருந்து தள்ளி நிறுத்த வேண்டும். தெரு குறுகலாக இருப்பதால் மண்ணைத் தள்ளிக் கொட்ட இடமில்லை என்பீர்கள். அப்படியானால் டிப்பர் நின்று உடனுக்குடன் ஏற்றிச் செல்ல வேண்டும் என்பதும் மதிப்பீட்டில் எழுதப்பட வேண்டிய முடிவுதான். அதற்கான செலவை விலைப்புள்ளி கொடுக்கும்போதே சேர்க்காவிட்டால், பின்னர் யாரும் அதைச் செய்ய மாட்டார்கள்.

பிறகு மனிதர்கள். பொக்லைன் சுழலும்போது அதன் பின்புறம் எவ்வளவு தூரம் வீசும், சுவருக்கும் இயந்திரத்துக்கும் இடையே ஆள் நசுங்கும் அளவுக்கு இடுக்கு உண்டா, பள்ளி விடும் நேரம் எது, வாரச் சந்தை எந்த நாள் என்பவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். சந்தை நாளில் பாலக்கோட்டுச் சாலையில் தக்காளி வண்டிகளுக்கு நடுவே ரோலரை ஓட்டுவதைவிட, அன்று அந்தத் துண்டை விட்டுவிட்டு வேறிடத்தில் வேலை செய்வது மலிவானது.

இப்போது எண்களுக்கு வருவோம். பெரும்பாலான படிவங்களில் விபத்து நேரும் வாய்ப்புக்கு 1 முதல் 5 வரை, விளைவின் கடுமைக்கு 1 முதல் 5 வரை மதிப்பிட்டு, இரண்டையும் பெருக்கச் சொல்வார்கள். உச்ச மதிப்பு 25. எதை முதலில் கவனிப்பது என்று வரிசைப்படுத்த இது உதவும். ஆனால் வாய்ப்பு 3 என்று எழுத வேண்டிய இடத்தில் 1 என்று எழுதினால் 15 என்பது 5 ஆகிவிடும். தளத்திலோ எதுவும் மாறியிருக்காது. விளைவு உயிரிழப்பு என்றால், பெருக்கல் எவ்வளவு சிறியதாக வந்தாலும் அதற்கு உருப்படியான ஏற்பாடு ஒன்று இருந்தே ஆக வேண்டும் என்பது என் கருத்து. டிப்பர் பின்னோக்கி வரும்போது ஆள் அடிபடும் ஆபத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் நுழைந்து மறுபக்கம் வெளியேறும்படி பாதையை அமைத்தால் பின்னோக்கி ஓட்டும் தேவையே இல்லாமல் போகும். அதுவே தலைசிறந்த தீர்வு. அதற்கு இடமில்லை என்றால் ஆட்கள் நடக்கும் பகுதியைத் தடுப்பு வைத்துப் பிரிக்க வேண்டும். அதுவும் முழுமையாக இயலாதபோது, வேறு எந்த வேலையும் கொடுக்கப்படாத ஒருவரைச் சைகை காட்டுவதற்கென்றே நிறுத்த வேண்டும். மினுங்கும் சட்டையும் ஹெல்மெட்டும் இவற்றுக்கெல்லாம் பின்னால் வருபவை. உங்களுக்குக் கொடுத்த படிவத்தில் ஒவ்வொரு ஆபத்துக்கும் எதிரே ஹெல்மெட் அணிய வேண்டும் என்று மட்டும் இருந்தால், அதை எழுதியவர் தளத்தைப் பார்க்கவில்லை என்று தயங்காமல் சொல்லலாம்.

இயந்திரத்தை ஆபரேட்டர் ஒவ்வொரு நாளும் காலையில் சுற்றி வந்து பார்க்க வேண்டும்: பிரேக், ஸ்டியரிங், கண்ணாடிகள், ஹாரன், சீட் பெல்ட், பக்கெட்டை மாட்டியிருக்கும் முளை (பின்), எண்ணெய் அழுத்தத்தில் இயங்கும் ஹைட்ராலிக் குழல்கள். எண்ணெய் கசிகிறதா என்று விரலால் தடவிப் பார்க்கும் பழக்கத்தை மட்டும் உடனே நிறுத்தச் சொல்லுங்கள். ஊசி முனை அளவுத் துளையிலிருந்து பீய்ச்சும் எண்ணெய் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஒரு புள்ளிதான் தெரியும் என்றாலும், உடனடி அறுவை சிகிச்சை இல்லாவிட்டால் விரலையோ கையையோ இழக்க நேரிடலாம். ஓர் அட்டைத் துண்டைக் காட்டிப் பார்த்தாலே கசிவு தெரிந்துவிடும்.

இவ்வளவும் முடிந்த பிறகு ஒரு பக்கத்தில், தமிழிலேயே எழுதுங்கள். வேலையைத் தொடங்கும் முன் எல்லோரையும் நிற்கவைத்து வாசித்துக் காட்டுங்கள். மழை பெய்தாலும், ஆபரேட்டரோ இயந்திரமோ மாறினாலும், தோண்டும் ஆழம் கூடினாலும் மறுபடி பார்த்துத் திருத்துங்கள். வேலையை நிறுத்தச் சொல்லும் அதிகாரம் யாருக்கு என்பதையும் பெயரோடு அதில் எழுதிவிடுங்கள். 1996-ஆம் ஆண்டின் கட்டடத் தொழிலாளர் சட்டம் உள்ளிட்ட 13 சட்டங்களை ஒருங்கிணைத்த 2020-ஆம் ஆண்டின் பணிப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு, பாதுகாப்பான பணியிடத்தைத் தரும் பொறுப்பை வேலை தருபவரிடமே வைக்கிறது; நிறுவனத்துக்குப் படிவம் கொடுத்துவிட்டதால் உங்கள் ஆட்களைப் பற்றிய பொறுப்பு உங்களை விட்டு நீங்கிவிடாது.

கேள்வி: பென்னாகரம் அருகே எங்கள் நிலத்தில் தாத்தா காலத்துக் கிணறு இருக்கிறது. பல முறை வெடி வைத்து ஆழப்படுத்தியது. இப்போது தூர் வாரி, உள்ளே சரிந்த கற்களை எடுப்பதற்குப் பொக்லைன் கொண்டுவரப் போகிறேன். மணிக்கணக்கில் வாடகை என்பதால் வந்தவுடன் வேலையைத் தொடங்க வேண்டும் என்கிறார்கள். நான் முன்கூட்டிப் பார்க்க வேண்டியவை என்ன?

பதில்: மணிக்கணக்கில் வாடகை ஓடுவதால்தான் பார்க்க வேண்டியவற்றை முந்தைய நாள் மாலையிலேயே பார்த்துவிட வேண்டும். ஆபரேட்டரை இரு சக்கர வண்டியில் வந்து கிணற்றைப் பார்க்கச் சொல்லுங்கள். பெட்ரோல் செலவு உங்களுடையதாகவே இருக்கட்டும்.

உங்கள் பகுதிக் கிணறுகளில் மேல்பகுதி மண்ணும் மக்கிய பாறையுமாக இருக்கும். கெட்டிப் பாறை அதற்குக் கீழேதான் தொடங்கும். கற்கள் ஏற்கெனவே உள்ளே சரிந்திருக்கின்றன என்று நீங்களே எழுதியிருப்பதால், மேல்பகுதி தன் பிடியை இழந்துவிட்டது என்றே கொள்ள வேண்டும். விளிம்புக்கு இணையாகத் தரையில் வெடிப்பு ஓடுகிறதா, கல்கட்டின் நடுவே அரச மரமோ வேம்போ வேர் விட்டிருக்கிறதா, ஒரு பக்கம் உள்நோக்கிப் புடைத்திருக்கிறதா என்று சுற்றி வந்து பாருங்கள். பொதுவாக வாடகைக்கு வரும் பொக்லைன் 20 டன் அளவிலானது. அது எந்தப் பக்கம் நிற்கும் என்பதைச் சுண்ணாம்பால் கோடு போட்டுக் காட்டிவிடுங்கள். இயந்திரத்தின் சங்கிலிப் பட்டைகள் விளிம்புக்கு நேர்க்குத்தாக இருக்க வேண்டும், அவற்றை ஓட்டும் மோட்டார்கள் பின்புறம் இருக்க வேண்டும். அப்போதுதான் தரை அசைந்தால் ஆபரேட்டர் ஒரே இழுப்பில் பின்வாங்க முடியும். இயந்திரம் தான் நிற்கும் தரைக்கு அடியிலேயே குடைந்து எடுப்பதை எக்காரணம் கொண்டும் அனுமதிக்காதீர்கள்.

பல முறை வெடி வைத்த கிணறு என்பது இரண்டாவது சிக்கல். முன்பு வைத்த வெடிகளில் ஏதாவது ஒன்று வெடிக்காமல் பாறைக்குள்ளேயே தங்கியிருக்கக்கூடும். அந்த இடத்தில் பாறை உடைக்கும் பிரேக்கரின் உளி இறங்கினாலோ பக்கெட்டின் பல் உரசினாலோ என்ன ஆகும் என்பதை விளக்கத் தேவையில்லை. பழைய துளைகள், அவற்றில் அடைத்த மண், வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் ஒயர் ஆகியவற்றில் எதைக் கண்டாலும் வேலையை நிறுத்தி, எல்லோரையும் விலக்கிவிட்டு, காவல் நிலையத்துக்கும் உரிமம் பெற்ற வெடிப்பாளருக்கும் தெரிவியுங்கள். ஒயரை இழுத்துப் பார்க்கும் ஆர்வம் யாருக்கும் வரக் கூடாது. கடைசியாக வெடி வைத்தவர் ஊரில் இருந்தால், எந்த மூலையில் எத்தனை துளை போட்டார், எல்லாம் வெடித்தனவா என்று இன்றே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

பக்கெட் இயங்கும்போது கிணற்றுக்குள் ஒருவரும் இருக்கக் கூடாது. பக்கெட்டில் ஆளை நிற்கவைத்து இறக்குவதைப் பல இடங்களில் காண்கிறோம்; பக்கெட் ஆளேற்றும் கருவியன்று, குழலில் அழுத்தம் ஒரு கணம் விட்டுப் போனாலும் அவரைக் காப்பாற்ற அதில் எதுவும் இல்லை. நெடுநாள் பயன்படாமல் சேறு கட்டிக் கிடந்த கிணற்றில் மூச்சுக் காற்று குறைந்திருக்கலாம், நச்சு வாயுவும் தேங்கியிருக்கலாம். விளக்கை இறக்கிப் பார்க்கும் பழைய வழக்கம் பிராணவாயு குறைவை ஓரளவு காட்டும். நச்சு வாயுவை அது காட்டாது. டீசல் என்ஜினை உள்ளே இறக்கி நீர் இறைப்பது அதன் புகையாலேயே ஆளைக் கொல்லும். உள்ளே ஒருவர் மயங்கினால் அவரைத் தூக்க அடுத்தவர் குதிக்கக் கூடாது; அவருக்கும் அதே கதிதான். தீயணைப்புத் துறையை அழைக்க வேண்டும்.

மோட்டாருக்குப் போகும் மின்சாரத்தைப் பியூஸ் கேரியரைக் கழற்றி நிறுத்தி, கேரியரை உங்கள் பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள். இப்போது கரண்ட் இல்லை என்பதை நம்பி வேலையைத் தொடங்க வேண்டாம். மும்முனை மின்சாரம் எந்த நேரத்திலும் திரும்பலாம்.

கேள்வி: நான் தேன்கனிக்கோட்டையில் வசிக்கிறேன். என் மகன் ஓசூர் அருகே மனைப்பிரிவு அமைக்கும் இடத்தில் ஆபரேட்டராகச் சேர்ந்திருக்கிறான். மின்கம்பிக்கு அடியில் மண் அள்ளச் சொல்கிறார்களாம். மறுத்தால் வேலை போய்விடுமோ என்று பயப்படுகிறான். அவன் என்ன செய்யலாம்?

பதில்: அம்மா, உங்கள் மகன் தன் பயத்தை உங்களிடம் சொன்னதைப்போல மேற்பார்வையாளரிடமும் சொல்ல வேண்டும், அதைக் கேள்வியாகக் கேட்பது எளிது. இந்தக் கம்பிக்கு லைன் கிளியர், அதாவது மின்சாரத்தை நிறுத்தியதற்கான மின்வாரியத்தின் ஒப்புதல், வாங்கியாகிவிட்டதா, வாங்கிய தாளைக் காட்ட முடியுமா, எத்தனை மணி வரை என்று கேட்கட்டும். தாள் இருந்தால் அவனுடைய பயம் தீரும். இல்லையென்றால் பொறுப்பு யாருடையது என்பது கேட்டவருக்கும் கேட்கப்பட்டவருக்கும் அங்கேயே விளங்கிவிடும். உயிருக்கு உடனடி ஆபத்து உண்டென்று நியாயமாக அஞ்சும் தொழிலாளி அதை வேலை தருபவருக்கு அறிவிக்கவும், அதே வேளையில் அரசின் ஆய்வாளருக்குத் தெரிவிக்கவும் 2020-ஆம் ஆண்டின் சட்டத் தொகுப்பு வழி செய்திருக்கிறது. தமிழ்நாட்டில் கட்டுமானத் தொழிலாளர் பாதுகாப்பைக் கவனிப்பது தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககம். இதையெல்லாம் மீறி வேலை போனாலும், ஓசூர் வட்டாரத்தில் நல்ல ஆபரேட்டருக்கு வேறு இயந்திரம் கிடைக்கும் என்றே நினைக்கிறேன்.

அவன் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டிய ஒன்றையும் சேர்த்து எழுதுகிறேன். இயந்திரம் கம்பியில் பட்டுவிட்டால் கேபினை விட்டு இறங்கக் கூடாது. முடிந்தால் பூமைக் கம்பியிலிருந்து விலக்கலாம். முடியாவிட்டால் உள்ளேயே அமர்ந்து, யாரும் கிட்டே வராதபடி குரல் கொடுத்து, மின்வாரியத்துக்குச் சொல்லச் சொல்ல வேண்டும். தீப்பொறி நின்றுவிட்டது என்று இறங்குவதும் கூடாது. துணை மின்நிலையத்திலிருந்து கம்பிக்கு மறுபடி மின்சாரம் வரலாம். இயந்திரம் தீப்பற்றினால் மட்டும், அதையும் தரையையும் ஒரே நேரத்தில் தொடாதபடி இரண்டு கால்களையும் சேர்த்து வெளியே குதித்து, கால்களைப் பிரிக்காமல் சிறுசிறு அசைவாக நகர்ந்து விலகிப் போக வேண்டும். தரையில் பாயும் மின்னழுத்தம் இயந்திரத்திலிருந்து விலக விலகக் குறைந்துகொண்டே போகும். எட்டி நடந்தால் ஒரு காலுக்கும் மறு காலுக்கும் உள்ள அந்த வேறுபாடே உடலுக்குள் மின்சாரத்தைச் செலுத்திவிடும்.

கேள்வி: பர்கூர் பக்கம் கிரானைட் குவாரியில் மேஸ்திரியாக இருக்கிறேன். கல்லைப் பார்த்தே எடை சொல்லிவிடுவோம். 20 டன் கிரேனால் தூக்க முடியுமா என்று எப்படி உறுதி செய்வது?

பதில்: அனுபவக் கண் பெரும்பாலும் சரியாகவே சொல்லும், ஆனால் அளந்து பார்க்க இரண்டு நிமிடம்தான் ஆகும். நீளம், அகலம், உயரம் மூன்றையும் மீட்டரில் பெருக்கி, கறுப்புக் கல்லாக இருந்தால் 3 ஆலும், சிவப்பு, பல வண்ணக் கற்களாக இருந்தால் 2.7 ஆலும் பெருக்குங்கள். 2.5 மீட்டர் நீளமும் 1.5 மீட்டர் அகலமும் 1.5 மீட்டர் உயரமும் உள்ள கறுப்புக் கல் ஏறத்தாழ 17 டன். கொக்கி, சங்கிலி, கல்லைக் கட்டித் தூக்கும் வடமான ஸ்லிங் ஆகியவற்றின் எடையையும் இதோடு கூட்ட வேண்டும்.

20 டன் என்று கிரேனில் எழுதியிருப்பது மிகக் குறைந்த தூரத்தில் வைத்துத் தூக்கும்போது மட்டும் பொருந்தும். பூம் நீள நீளவும், கல் தள்ளித் தள்ளிப் போகவும் அந்தத் திறன் வேகமாகக் குறையும். கேபினுக்குள் இருக்கும் சுமை அட்டவணையில், கல்லை எடுக்கும் இடத்தின் தூரத்துக்கும் லாரியில் இறக்கும் இடத்தின் தூரத்துக்கும் தனித்தனியே எண்ணைப் பாருங்கள். இரண்டில் குறைவானதை எடுத்துக்கொள்ளுங்கள். அட்டவணை கிழிந்துபோன கிரேனைத் தூக்க வைக்க வேண்டாம். இரண்டு கால் ஸ்லிங்கில் ஒவ்வொரு காலும் பாதிச் சுமையைத்தான் தாங்குகிறது என்று நினைப்பதும் தவறு: கிடைமட்டத்திலிருந்து 60 பாகைக் கோணத்தில் ஒவ்வொரு காலிலும் சுமையில் ஏறத்தாழ 58 விழுக்காடு இழுவை வரும், 30 பாகைக்குத் தாழ்ந்தால் ஒவ்வொரு காலிலும் முழுச் சுமையும் வரும். பாறையிலிருந்து முழுதாக விடுபடாத கல்லைக் கிரேனால் பிடுங்கி எடுக்க முயன்றால் மேலே சொன்ன எந்தக் கணக்கும் பொருந்தாது.

கேள்வி: ஊத்தங்கரை பகுதி ஏரியில் அனுமதி பெற்று வண்டல் மண் எடுக்க ஜேசிபி இறக்கலாமா? மேலே காய்ந்துதான் இருக்கிறது.

பதில்: மேல் ஓடு காய்ந்திருக்கும், ஓரிரு அடிக்குக் கீழே சேறு இருக்கலாம். இரும்புக் கம்பியைப் பல இடங்களில் குத்திப் பாருங்கள். எளிதாக இறங்கும் இடத்துக்குச் சக்கர இயந்திரம் போகக் கூடாது. கரையோரமாகத் தொடங்கி உள்நோக்கிப் போவதும், பழைய குழிகள் எங்கே என்று கரையில் மாடு மேய்ப்பவர்களைக் கேட்பதும் நல்லது. ஏரிக் கரையின் அடிவாரத்தைத் தோண்டாதீர்கள்.

கேள்வி: காரிமங்கலத்தில் எங்கள் வேலைத் தளத்தை ஒட்டிக் குடியிருப்பு உள்ளது. ரிவர்ஸ் ஹாரன் சத்தம் தொல்லை என்று புகார் வருவதால் ஒயரைக் கழற்றிவிடலாமா?

பதில்: கழற்றக் கூடாது. இயந்திரம் பின்னோக்கிப் போகும் தூரத்தைக் குறைக்கும்படி பாதையை மாற்றுங்கள். இரவு வேலையைத் தவிர்த்து, வேலை நடக்கும் நேரத்தை அக்கம்பக்கத்தில் எழுதி ஒட்டுங்கள். கூவும் ஒலிக்குப் பதிலாக இரைச்சல் போன்ற ஒலி எழுப்பும் ஹாரன்களும் கிடைக்கின்றன. அவை தொலைவில் மங்கிவிடும், பின்னால் நிற்பவருக்கு மட்டும் தெளிவாகக் கேட்கும். அதைப் பொருத்தும் வரை பழைய ஹாரனே ஒலிக்கட்டும்.